டைரியில் எல்லோரும் நல்லவர்களே

கேள்வி: என்னை நானே அறிந்துகொள்ள தினமும் டைரி எழுதுகிறேன். படித்துப் பார்த்தால் நான் தங்கமான மனிதன் என்றே தெரிகிறது. இது போதுமா?

பதில்: போதாது. அந்த டைரியில் குற்றவாளி, வக்கீல், நீதிபதி மூவரும் நீங்களே. விடுதலை கிடைக்காமல் என்ன செய்யும்?

கதை எழுதாமல் கணக்கு எழுதுங்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் அப்படித்தான் செய்தார். 13 நற்குணங்கள், குணத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு கட்டம். தவறினால் கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணத்தில் தனிக் கவனம். ஆண்டுக்கு நான்கு சுற்று. நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று கண்டு அவரே வியந்தார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்குதான் அவரைக் கடைசிவரை படுத்தியது!

ஆனால் புள்ளி வைக்கவும் தவறு கண்ணில் பட வேண்டுமே. அதற்கு 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் தந்த 'ஜோஹாரி சாளரம்' இருக்கிறது. குணப் பட்டியலிலிருந்து உங்களுக்குப் பொருந்துவதை நீங்கள் தேர்ந்தெடுங்கள்; நண்பர்களும் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் குறித்து, நீங்கள் குறிக்காமல் விட்டவை எவையோ, அவற்றைத்தான் நீங்கள் இதுவரை பார்க்கவில்லை. வீட்டில் மனைவியிடமும் ஒரு தாள் கொடுங்கள். கூடுதல் தாள் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.