ஊசி மீனுக்கு மட்டும்தான், மருமோன்

வாரும் மருமோன், இரும். மீன்குஞ்சுப் பண்ணையில ரெக்னீசியன் வேலை கிடைச்சிட்டுது எண்டு மாமி ஒட்டுசுட்டான் சந்தி முழுக்கச் சொல்லிப் போட்டா. கோயிலடியில தான்தோன்றீஸ்வரருக்கும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மாரிக்கு மட்டும்தான் வேலை எண்டதை அவ சொல்லேல்லை. அதை நான் சொன்னனான்.

முகத்தைச் சுழிக்காதையும். இந்தத் துறையே சீசன்தான். 1990இல அரசாங்கம் நன்னீர் மீனுக்குக் குடுத்த உதவியை நிப்பாட்டினது. 1994இல திரும்பத் தொடங்கினது. உமக்கு மட்டும் நிரந்தரம் கேட்டால் எப்படி?

யப்பான் மீன், அதுதான் திலாப்பியா, அதிட்ட உம்மட படிப்புச் செல்லாது. 1952இல இலங்கைக்கு வந்த சாதி. முத்தையன்கட்டுக் குளத்தில தானே குழி பறிச்சு, முட்டையை வாய்க்குள்ள வைச்சுப் பொரிச்சு, ஒரு கந்தோருக்கும் போகாமல் பெருகுது. கட்லா, றோகு அப்படியில்லை. அதுகள் ஆத்து மீன்; புதுவெள்ளம் பாய்ஞ்சால்தான் முட்டை விடும். குளத்துத் தண்ணியில சினை முத்தி, சும்மா நிக்கும். அதுகளுக்கு ஒரு பொய் சொல்ல வேணும். அந்தப் பொய்தான் ஊசி. 1957 யூலையில ஒடிசாவில ஹிராலால் சௌத்ரி எண்ட மனிசன் கபச்சுரப்பியைக் கரைச்சு ஏத்தி, குளத்து மீனை முட்டை விட வைச்சார். இப்ப மருந்து போத்தலிலேயே வருது.

ஏத்த முதல் ஆண் பெண் பாரும். ஆணின்ர நெஞ்சுச் செட்டையைத் தடவினால் சுரசுரக்கும், பெண்ணுக்கு வழுவழுக்கும். பின்னேரம் ஊசி எண்டால் முட்டை சாமத்தில. முட்டை கண்ணாடியாய்த் தெரிஞ்சால் உயிர் கிடக்கு. வெள்ளையாய் மங்கினால் செத்தது. பொரிக்க அரை நாளுக்கு மேல எடுக்கும், அதுவரைக்கும் தண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேணும். கறன்ற் நிண்டால் மோட்டர் நிக்கும். மோட்டர் நிண்டால் விடியக்க வாளிக்கணக்கில அள்ளிக் கொட்டுவீர். பிள்ளைப்பெறு பாக்கிற மருத்துவிச்சி ரிக்ரொக் பாத்துக்கொண்டு இருப்பாளோ? போனை வீட்டில வைச்சிட்டுப் போம். மாமி பாக்கட்டும்.

குஞ்சுப் பையைக் குளத்தடிக்குக் கொண்டுவந்த உடன கொட்டாதையும். பையோட கொஞ்ச நேரம் மிதக்க விடும், உள்ளும் வெளியும் சூடு ஒத்துப் போகட்டும். விரலளவு வராததை விட்டால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் விருந்து. வான் பாயேக்க விட்டால் கீழூரான் பிடிச்சுக் குழம்பு வைப்பான், உம்மைக் கூப்பிடவும் மாட்டான்.

இனி உம்மட காரியம். மீனை ஏமாத்தப் படிக்கிறீர், நல்லது. உமக்கு ஒருத்தரும் ஊசி ஏத்தாமல் பாரும். "சீசன் வேலைதானே தம்பி" எண்டு சேமலாப நிதியை விழுங்கிற முதலாளிமார் எந்தத் தொழிலிலும் இருக்கினம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. தற்காலிகம் எண்டாலும் நாள்கூலி எண்டாலும் உரித்து உண்டு: உம்மட சம்பளத்தில 8 வீதம், முதலாளி போடுறது 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம். முதல் மாதச் சம்பளச் சிட்டையிலேயே அது இருக்கோ எண்டு பாரும். மாமிக்குக் காட்ட முதல் என்னட்டைக் கொண்டுவாரும்.