வீட்டுப்பாடம் கேட்கும் வீடுகள்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் அரிது. இன்று அதே தெருவில் கைநாட்டு வைக்கும் இளந்தாய் ஒருத்தியைக்கூடப் பார்க்க முடியாது. பத்தாவது முடித்தவர்கள், பன்னிரண்டாவது முடித்தவர்கள், செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப்போய்ப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து கிடைக்கும் துணை முன்பைவிடக் குறைந்துபோயிருக்கிறது. பழங்காலத்தின் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அன்றைய பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளையையும் நான் திருப்பி அனுப்ப மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பாடம் என்றால் ஒப்பிப்பது. வாய்ப்பாட்டை ஒருவன் முன்னே சொல்ல வகுப்பே பின்னால் கத்தும். சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்த்துவிட்டு, முதல் நாள் எழுதியதையே மறுபடி எழுதுவோம். தப்பு வந்தால் பிரம்பு. ஏன் தப்பு என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. என்னோடு படித்த பெண்களில் பலர் ஐந்தாவதோடு நின்றார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், காலையில் கரைக்கு வந்த மீனைக் கருவாடு போடவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். அவர்களை நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆறாது.

எங்கள் ஊரை ஒட்டினாற்போல் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் உலை முறைப்படி ஓடத் தொடங்கியது 1984-இல்தான் என்றாலும், ஊழியர் குடியிருப்பில் அதற்கு முன்பே ஜனம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது நல்ல வியாபாரம். அம்மா மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். வாடிக்கை வீடுகளில் கடனுக்குத் தருவாள். சம்பளத் தேதியில் வசூல். கணக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் அடுப்புக்கரியால் போட்ட கோடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. நான்கு கோடு நட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. நாணயம் வேறு, நோட்டு வேறு என்பதற்குச் சின்னக்கோடு, பெருங்கோடு. அம்மாவுக்கு எண் எழுதத் தெரியாது. ஆனால் கணக்கில் அவளை ஏமாற்றியவர் யாருமில்லை.

ராத்திரி கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைக் கதவுக்கு முன்னால் நிறுத்துவாள்.

"பாப்பா, மூணாவது வீட்டம்மா எவ்ளோ தரணும், சொல்லு."

சொல்வேன். விடை அவளுக்கு முன்பே தெரியும்.

"எப்படிச் சொன்ன?"

கட்டு கட்டாக எண்ணிக் காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னாலும் அதே கேள்விதான். எண்ணிக் காட்டும்போதே எங்கே வழுக்கியது என்று எனக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் பிரம்பு பேசிய இடத்தில் அம்மா ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தாள். ஐந்து ஐந்தாகக் கூட்டுவதும் பத்தாகச் சேர்ப்பதும் எனக்கு அந்தக் கதவில்தான் புரிந்தது. ஐந்தாம் வாய்ப்பாட்டை நான் அதற்கு முன்பே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

பாடப் புத்தகத்தையும் அப்படித்தான். சிம்னி விளக்கடியில் நான் சத்தமாக வாசிக்க, அம்மாவும் ஆயாவும் கேட்பார்கள். அவர்களுக்கு அது பாடமில்லை, கதை. "நரி ஏன் அங்க போச்சு? அப்புறம் இன்னா ஆச்சு?" என்று ஆயா இடையிலே நிறுத்துவாள். அவளுக்கு எழுத்து தெரியாததால் நான் வாசித்ததை என் வாயால் திரும்பச் சொல்லியாக வேண்டும். பொருள் புரியாமல் ஆயாவிடம் தப்பிக்க முடியாது. அப்பா கொண்டலும் வாடையும் எந்த மாதம் வீசும், காற்று திரும்பினால் எந்த மீன் கரைக்கு வரும் என்று வலை பொத்துக்கொண்டே பேசுவார். ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தொடங்குமுன் எத்தனை ஆயிரம் சொல் காதில் விழ வேண்டுமோ அத்தனையும் எங்கள் காதில் விழுந்தது.

எழுத்து தெரிவதும் வாசிப்பதும் ஒன்றல்ல என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். டச்சுக்காரர் கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மெல்லிய துணி வாங்கிப்போக வந்து இங்கேயே மண்ணானவர்களின் பெயரும் பட்டமும் அந்தக் கற்பலகைகளில் அழகாகச் செதுக்கியிருக்கும். ஆங்கில எழுத்து கற்ற புதிதில் நாங்கள் அங்கே போய் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிச் சத்தமாகச் சொல்வோம். எல்லா எழுத்தும் தெரியும், ஒரு வரியும் விளங்காது. டச்சு மொழி எங்களுக்கு எப்படி விளங்கும்? தமிழ்ப் பாடத்தையே அந்தக் கல்லறையைப் போல வாசித்துக்கொண்டு மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

இந்த நிலைக்குப் பெருந்தொற்றுக் காலமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பார்க்காமலே ஒரு கூட்டம் மூன்றாம் வகுப்புக்கு வந்தது. பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் ஆய்வு 2022-இல் நடந்தபோது, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் சும்மா இருக்கவில்லை. மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் எங்கள் பக்கமும் வந்தது. பெஞ்சுக்குப் பதில் பாய், அட்டைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளை கைக்கு எட்டும் கரும்பலகை. ட, ப, ம என்று எழுத எளிதான எழுத்துகளை முதலில் கற்றுக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, "அ, ஆ சொல்லத் தெரியல, இது இன்னா படிப்பு?" என்று தெருவே சண்டைக்குப் போனது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்து தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பயிற்சி, பாட்டு, கதை, பொம்மலாட்டம். 1982 முதல் சத்துணவு இருந்தது. இப்போது காலை உணவும் சேர்ந்துவிட்டது. பசியோடு எண்ண முடியாது என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூடிப் படிப்பது, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவது, விரலால் எழுதிப் பார்ப்பது எதுவும் வெளியூர்ச் சரக்கும் அல்ல. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார். 1797-இல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டபின் இங்கிலாந்தில் பள்ளிகள் பல அந்த முறையில் நடந்தன. அதற்கு அங்கே மெட்ராஸ் முறை என்றே பெயர். நம் கடற்கரை மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகளின் வழி அது.

இப்படிப் பள்ளி பேசவும் பாடவும் கேட்கவும் கற்றுக்கொண்ட நேரத்தில், வீடு பழைய பள்ளிக்கூடமாக மாறிவிட்டது. அன்று மனப்பாடம் பள்ளியில், பேச்சு வீட்டில். இன்று பேச்சு பள்ளியில் இருக்கிறது, மனப்பாடத்தை வீடு கேட்கிறது. மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் ட்யூஷன் வீட்டுத் திண்ணையில் ஆறு வயதுக் குழந்தைகள் ஒரே வரியைப் பத்துத் தரம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காலையில் எட்டு மணிக்கே வேனில் ஏறிப் போன பிள்ளைகள் அவர்கள். வீடு திரும்பியதும் சோறு, அதோடு கையில் ஃபோன். பிள்ளையோடு யாரும் ஒரு முழு வாக்கியம் பேசாமலே நாள் முடிந்துவிடுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டாள்.

"மிஸ், வீட்ல கதை கேட்டுட்டு வான்னு அனுப்புறீங்க. எழுத ஒண்ணும் தர்றதில்லையே?"

"கதை கேக்குறதுதாம்மா வீட்டுப்பாடம்," என்றார் ஆசிரியை.

"நோட்டுல இருந்தாதானே மிஸ், படிச்சான்னு தெரியும்?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்கு எழுந்திருப்பவள். நோட்டில் எழுத்தைப் பார்த்தால்தான் பிள்ளை முன்னேறுகிறான் என்று அவளுக்கு நிம்மதி. அவள் படித்த பள்ளிக்கூடம் அவளுக்கு அதைத்தான் காட்டியது. ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அழகாகப் பார்த்து எழுதிய பக்கம் அவன் கை பழகியதைத்தான் காட்டும். அவன் வாசித்தானா என்று தெரிய, அவன் வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அவளோடு நடந்துகொண்டே இதைச் சொன்னேன். தினம் பத்து நிமிஷம் போதும். மீன் சுத்தம் செய்துகொண்டே கேட்கலாம். அவன் ஒரு சொல்லில் தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு. முடித்ததும், "எனக்குச் சொல்லு பாக்கலாம்" என்று கேள். கதை உனக்குத் தெரியாததுபோல் கேள். அக்கா பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதே. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வேறு ஊர் போனால் மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடு. விட்டுவிட்டு வரும் பிள்ளைக்குத்தான் எழுத்து பிடிபடாமல் போகிறது. கணக்குக்கு ட்யூஷன் வேண்டாம், உன் கூடையே இருக்கிறது. தராசில் அரைக்கிலோ, கால்கிலோ அவனை வைக்கச் சொல். சில்லறை அவன் கொடுக்கட்டும்.

"எனக்கே அவசரம்க்கா. அவன் எண்ணி முடிக்கிறதுக்குள்ள வாங்க வந்தவ போயிடுவா."

அவள் சொல்வதும் நியாயம். வியாபார நேரத்தில் வேண்டாம், கூறு போடும்போது விடு என்றேன்.

போன ஞாயிறு கரையில் பார்த்தேன். தரையில் தார்ப்பாய் விரித்துச் சங்கராவைக் கொட்டி, பையனை உட்கார வைத்திருந்தாள். மொத்தம் இருபத்தாறு மீன், ஆறு கூறு. அவன் ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தான். நான்கு சுற்று ஆனது. கையில் இரண்டு மீனோடு நிமிர்ந்து பார்த்தான்.

"எம்மா, இந்த ரெண்டு எந்தக் கூறுல?"

எல்லாக் கூறிலும் ஒரே அளவு இருக்கணும், நீயே சொல்லு என்றாள். வகுத்தலும் மீதியும் அவன் வகுப்பில் இனிமேல்தான் வரும். கொஞ்ச நேரம் ஆறு கூறையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ இது ரெண்டும் நம்ம வீட்டுக் கொழம்புக்கு," என்றான்.