வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவுவது எப்படி?

சென்னையில் ஏரி இருந்த இடத்தில், அதுவும் தரைத்தளத்தில், வீடு வாங்கிய பாக்கியசாலிகளுக்கான குறிப்புகள் இவை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பயிற்சி முடித்தவர்கள் ஏழாவதை மட்டும் படித்தால் போதும்.

1. முதலில் மேல்மாடிக்காரர்களின் யோசனையைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். "தொடச்சு விட்டுட்டு ஃபேனைப் போடுங்க சார், காஞ்சிடும்" என்பார் படிக்கட்டில் காபி டம்ளரோடு நிற்பவர். போடாதீர்கள். பிளக் பாயிண்டெல்லாம் முங்கி எழுந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். தண்ணீரில் நின்றபடி அதை அணைக்கப் போவதும் வேண்டாம்.

2. உள்ளே வந்தது மழைத்தண்ணீர்தான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். பாத்ரூம் ஓட்டை வழியாக அது கொப்பளித்து வந்ததை ஊருக்குச் சொல்வானேன்? ஆனால் கம்பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். குதிகால் வெடிப்பு போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே வர.

3. சேறு காய்ந்ததும் பெருக்கிக்கொள்ளலாம் என்றால் தாராளமாகக் காத்திருங்கள், உளியும் சுத்தியலும் தயாராக இருந்தால். இல்லையென்றால் ஈரத்திலேயே வழித்துத் தள்ளி, சோப்புத்தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுங்கள். சேற்றின் மேலேயே பவுடர் தூவினால் அதற்குப் பெயர் கோலம்.

4. "கூடவே ஆசிட்டும் ஊத்துங்க, பளிச்சுனு ஆயிடும்" என்ற யோசனையும் படிக்கட்டிலிருந்து வரும். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. தரை பளிச்சென்று ஆகலாம். பார்க்க நீங்கள் இருக்க வேண்டுமே!

5. எதையும் தூக்கிப் போட மனம் வராது. இலவம்பஞ்சு மெத்தை ஆறு பேர் தூக்கும் கனத்தில் கிடக்கும். கம்ப்யூட்டர் மேசையின் பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருக்கும். கல்யாண ஆல்பத்தைப் பிரித்தால் மாமனார் முகம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஆல்பத்தை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். மெத்தை, மேசை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் இன்ஷூரன்ஸுக்குப் படம் எடுத்துவிட்டு வாசலுக்கு அனுப்புங்கள்.

6. சுவர் முழுசாகக் காய்வதற்குள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பொங்கலுக்குள் 'தண்ணி நிக்காத ஏரியா' என்று வாடகைக்கு விடலாம். குடிவந்தவரை மாசியில் பூஞ்சை வந்து வரவேற்கும்.

7. கடைசியாக சம்ப். மூடி வழியே சாக்கடை அதற்குள்ளும் இறங்கியிருக்கும். முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசல் விட்டு ஊறவைத்து, அதையும் வெளியேற்ற வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்கும் இதே வைத்தியம். செலவைப் பங்கு போட அசோசியேஷன் கூட்டம் கூட்டுங்கள். "தண்ணி உங்க வீட்டுக்குள்ளதானே வந்துச்சு, நாங்க எதுக்குக் குடுக்கணும்?" என்று காபி டம்ளர்க்காரர் கேட்பார்.

கோபப்படாதீர்கள். காபியாவது கொதித்தது, இன்று காலை அவர் பல் தேய்த்த தண்ணீர் எந்த சம்ப்பிலிருந்து மேலே ஏறியது என்று மட்டும் கேளுங்கள். வெள்ளம் தரைத்தளத்தோடு நின்றுவிடும். மோட்டார் மூன்றாம் மாடிவரை ஏற்றும்.