அடுத்த டிஸ்கைச் செருகவும்

கே: அந்தக் காலத்தில் லினக்ஸை ஃப்ளாப்பியிலிருந்துதான் ஏற்றினார்கள் என்று மாமா பெருமையாகச் சொல்கிறார். ஏன், சிடி வாங்கக் காசில்லையா?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

ப: காசும் சிடியும் இருந்தவர்கள்கூட ஃப்ளாப்பியைத் தேடி அலைந்தார்கள் அம்மா. 90களின் முற்பாதியில் வந்த கம்ப்யூட்டர்களைக் கிளப்பிவிடும் பயாஸுக்கு ஏ டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் விட்டால் வேறு போக்கிடம் தெரியாது. சிடியிலிருந்து பூட் செய்ய வழிசொன்ன ‘எல் டோரிட்டோ’ விதிமுறை வந்ததே 1995இல்தான். அதைப் புரிந்துகொண்ட மதர்போர்டுகள் நம் மேஜைக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அன்றைய சிடி டிரைவ்களில் பல, சவுண்ட் கார்டில் மாட்டப்பட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இணைப்பு முறை வேறு. அதற்கான டிரைவர் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் இருந்தால்தான் சிடி கண்ணுக்கே தெரியும். அதனால் ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பில் மிட்சுமி டிரைவுக்கு ஒரு பூட் டிஸ்க், ஸ்கஸிக்கு ஒன்று, ஒன்றுமே இல்லாதவருக்கு ‘பேர்’ என்று ஒன்று. ஜாதகம் பார்த்துப் பொருத்தமானதை எடுக்க வேண்டும்.

கே: பூட் டிஸ்க், ரூட் டிஸ்க் என்று இரண்டு எதற்கு? ஒன்றில் முடிக்கத் தெரியாதா?
– ஆசிரியர், கும்பகோணம்

ப: இடம் போதாது ஐயா. பூட் டிஸ்கில் கெர்னல். ரூட் டிஸ்கில் அந்தக் கெர்னல் புழங்குவதற்கு ஒரு குட்டி ஃபைல் சிஸ்டம்: ஷெல், ஹார்ட் டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க், நிறுவும் புரோகிராம்.

பூட் டிஸ்கைப் போட்டதும் ‘லோடிங்’ என்று திரையில் வரும். டிரைவ் கரகரவென்று படிக்கப் படிக்க, பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியாக விழும். புள்ளி நின்றுவிட்டால் டிஸ்க் போச்சு. நிற்காவிட்டால் கெர்னல் விரிந்து, ஹார்ட்வேரையெல்லாம் கணக்கெடுத்துவிட்டு, ‘ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு என்டரைத் தட்டு’ என்று கேட்கும். ரூட் டிஸ்கில் சுருக்கி வைத்திருப்பது அப்படியே ராமில் ஒரு பொய் டிஸ்காக விரிந்துவிடும். இப்போது ஏ டிரைவ் காலி. மற்ற டிஸ்குகளை வரிசையாகப் போட வழி பிறந்தது.

இன்றைய பென் டிரைவும் இதையேதான் செய்கிறது: முதலில் கெர்னல், பிறகு ராமில் விரியும் ஒரு தற்காலிக ஃபைல் சிஸ்டம். அழகான படத்தைப் போட்டு மறைத்துவிடுகிறார்கள். ஃப்ளாப்பி மறைக்கவில்லை; ஒவ்வொரு கட்டத்திலும் உங்களை எழுப்பிச் சாட்சியாக நிறுத்தியது.

கே: மொத்தம் எத்தனை ஃப்ளாப்பி தேவைப்படும்?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

ப: 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் 1.00, 3.5 அங்குல டிஸ்கில் 24. பயப்படாதீர்கள், எல்லாம் கட்டாயமில்லை. ஸ்லாக்வேரில் டிஸ்குகளை எழுத்து வாரியாகப் பிரித்திருப்பார்கள். ‘ஏ’ வரிசை மட்டும் இருந்தால் லினக்ஸ் ஓடும். ‘என்’ நெட்வொர்க்குக்கு, ‘எக்ஸ்’ ஜன்னல்களுக்கு. இமாக்ஸ் என்ற எடிட்டருக்கு மட்டும் ‘இ’ என்று தனி வரிசை. இமாக்ஸைப் பழகியவர்கள் அதையும் குறைவு என்பார்கள். விளையாட்டுகள் ‘ஒய்’ வரிசையில். அதுவரை பொறுமையிருந்தால் விளையாடலாம்.

கே: பழைய பூட் இமேஜ் ஒன்று கிடைத்தது. சரியாக ஃப்ளாப்பி அளவுதான். காப்பி செய்தால் இடம் போதாது என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?
– மெக்கானிக், ஈரோடு

ப: இருவரும் அரிச்சந்திரர்கள். ஃப்ளாப்பியில் 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்: பெருக்கினால் 14,74,560. இதில் டாஸ் தன் கணக்குப் புத்தகத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு 14,57,664 பைட்டைத்தான் உங்களிடம் தருகிறது. உங்கள் இமேஜ் என்பது ஃப்ளாப்பியில் வைக்கும் ஃபைல் அல்ல, முழு ஃப்ளாப்பியின் பிரதி. செக்டர் செக்டராக எழுத டாஸில் ராரைட், யூனிக்ஸில் டிடி. அப்போதுதான் பயாஸ் தேடும் முதல் செக்டரில் பூட் செய்யும் நிரல் உட்காரும். ஸ்லாக்வேரின் பாக்கேஜ் டிஸ்குகள் டாஸ் வடிவம்தான். அவற்றுக்குக் காப்பியே போதும்.

கே: பதினேழாவது டிஸ்கில் பேட் செக்டர் வந்தால்?
– பெயர் வேண்டாம், ஓசூர்

ப: அதை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு தொடரலாம். எழுதுவதற்கு ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருப்பது நல்லது. பூட் டிஸ்குக்குப் பழுதில்லாத ஃப்ளாப்பியைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஃபைல் என்றால் டாஸ் கெட்ட செக்டரைத் தாண்டிப் போய் எழுதும். இமேஜ் புள்ளிக் கோலம் மாதிரி. எந்தப் புள்ளிக்கும் மாற்று இடம் கிடையாது.

கே: எல்லாம் முடித்து ரீஸ்டார்ட் செய்தால் திரையில் ‘எல்ஐ’ என்று இரண்டே எழுத்து. என்னைத் திட்டுகிறதா?
– கணினி மைய உரிமையாளர், திண்டுக்கல்

ப: இல்லை, வாக்குமூலம் கொடுக்கிறது. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்ற பூட் லோடர், ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் தன் பெயரில் ஓர் எழுத்தை எழுதும். ‘எல்’லோடு நின்றால் முதல் கட்டம் மட்டும் வந்திருக்கிறது. ‘எல்ஐ’ என்றால் இரண்டாம் கட்டத்தை எடுத்துவந்தும் ஓட்ட முடியவில்லை. பயாஸ் சொல்லும் ஹார்ட் டிஸ்க் கணக்கும் லைலோவின் கணக்கும் ஒத்துப்போகவில்லை, அல்லது பூட் ஃபைலை நகர்த்திவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்துவிட்டீர்கள். நாலெழுத்தும் வந்தால் நலம். இரண்டே எழுத்தில் இவ்வளவு நேர்மையாகப் பழுதைச் சொன்ன மென்பொருள் இன்று எது?

கே: லினக்ஸ் போட்டால் விண்டோஸ் பிழைக்குமா?
– இல்லத்தரசி, திருச்சி

ப: முதலில் டீஃப்ராக் செய்து, ஃபிப்ஸ் என்ற டாஸ் புரோகிராமால் பார்ட்டிஷனைப் பிரித்தவர்களின் விண்டோஸ் பிழைத்தது. எஃப்டிஸ்கில் தப்பான எண்ணைத் தட்டியவர்கள் முழுநேர லினக்ஸ் பக்தர் ஆனார்கள். மனம் மாறி லைலோவை மட்டும் விரட்ட நினைத்தவர்களுக்கு டாஸில் ‘எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர்’ இருந்தது.

கே: ஒரே ஃப்ளாப்பியில் முழு லினக்ஸ் சாத்தியமா?
– மாணவர், கோவை

ப: டாம்ஸ்ஆர்டிபிடி என்று ஒன்று இருந்தது. டிராக்கை 82 ஆக்கி, டிராக்குக்கு 21 செக்டர் திணித்து, அதே ஃப்ளாப்பியில் 1,722 கேபி பிடித்தார்கள். கவிழ்ந்த கம்ப்யூட்டரை எழுப்ப நெட்வொர்க் ஆட்கள் பையில் வைத்திருப்பார்கள்.

கே: இன்று நான் முயலலாமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

ப: தாராளமாக, ஆனால் க்யூஎமு போன்ற மெய்நிகர் கம்ப்யூட்டரில். ஃப்ளாப்பி இமேஜை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பேட் செக்டர் பயமில்லை. நிஜ ஃப்ளாப்பிக்குத்தான் வழி குறுகிவிட்டது: 2.6 கெர்னலோடு, பூட் லோடர் இல்லாமல் ஃப்ளாப்பியிலிருந்து நேரே கிளம்பும் வசதி போய்விட்டது. சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது 2011 மார்ச்சில். 2019இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் ஃப்ளாப்பி டிரைவரை ‘அநாதை’ என்று குறித்தார்.

உங்கள் பரணில் பழைய ஃப்ளாப்பிகள் இருந்தால் ஒரு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவைத் தேடிப்பிடித்து, டிடியால் இமேஜாக எடுத்துவிடுங்கள். காந்தப்பூச்சு காத்திருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.