ஹார்ட் டிஸ்க் ஓசையிலக்கணம்

சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கின் ஓசை மூவகைப்படும்: வல்லினம், மெல்லினம், இடையினம். 'டக்... டக்... டக்' என்று சீராகத் தட்டுவது வல்லினம். தகவலைப் படிக்கும் முனை, தட்டில் தன் தடத்தைக் காணாமல் ஓரத்துக்குத் திரும்பி, மறுபடி தேடப் புறப்படும் ஓசை அது. 'ம்ங்ங்' என்று முனகிவிட்டுச் சுழலாமலே நிற்பது மெல்லினம். மோட்டார் இறுகியிருக்கலாம், முனை தட்டோடு ஒட்டியும் இருக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட கரகரப்பு இடையினம். சர்க்யூட் போர்டு எரிந்து, ஓசையே இல்லாமல் போய்ச் சேருவதை ஆய்தத்தில் அடக்குக.

இவ்விலக்கணத்துக்கு இலக்கியம் 1956இல் பிறந்தது. ஐபிஎம் அவ்வாண்டு வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய மேசைக் கணினி டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல, முனை அதற்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது. அந்த இடுக்கில் ஒரு தூசி புகுந்தாலே வல்லினம் மிகும்.

ஓசை கேட்டதும் உடையவர் செய்வது என்ன எனின், ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுவது. அதிலும் அடங்காதபோதுதான் சிகிச்சை தொடங்கும். இங்கே அறிஞர் பலவாறு பிரிவர். தட்டிப் பார்ப்போர் பழைய டிவி மரபினர். அவர்களை ஆய்வில் சேர்ப்பதற்கில்லை. ஃப்ரீசர் மரபினர், டிஸ்க்கை பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பர். குளிரில் உலோகம் சுருங்கும், ஒட்டியது விடும் என்பது அவர்கள் கோட்பாடு. வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் பூக்குமே எனின், அதற்கு அவர்களிடம் விடையில்லை. கேபிளை மாற்றிப் பார் என்பாரை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் பல வழக்குகளை வெல்பவர் அவரே. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பேட்டில் 199ஆம் வரி, தகவல் கேபிள் வழியே வரும்போது நேர்ந்த பிழைகளைக் காட்டும். அது மட்டும் ஏறினால் டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம்.

5, 197, 198 ஆகியவை வேறு சாதி. முதலாவது, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின் கணக்கு. அடுத்தது சந்தேகத்தில் நிற்பவை. கடைசியது படிக்கவே முடியாதவை. இவை மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாமோ எனின், கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதானவற்றில் பாதிக்கும் மேலானவை ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. மாறாக, தட்டைத் தானே துருவிச் சோதிக்கையில் முதல் 'ஸ்கேன் பிழை' வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கையை நம்புக, மௌனத்தை நம்பற்க.

இவ்வளவும் தெரிந்த பின்னும் நம்மவர் முதலில் ஓட்டுவது விண்டோஸின் 'செக்டிஸ்க்' சோதனை. மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிச் சோதிக்கிற வைத்தியம் இது. முழுச் சோதனைக்கு விட்டால், தட்டு முழுவதையும் படிக்கவைத்து, 'திருத்துகிறேன்' என்று ஃபைல் அட்டவணையிலும் அது கைவைக்கும். முறையான வரிசை வேறு. வல்லினமோ மெல்லினமோ இடையினமோ கேட்டால் கரண்ட்டை நிறுத்திவிட்டு, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரிடம் போகவேண்டும். செலவுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளவும் வேண்டும். வெறும் மந்தம், அங்கங்கே படிக்காத ஃபைல் என்றால், மற்றதை விட்டு முதலில் நகலெடுப்பு. 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளும். நோய் என்னவென்று ஆராய்வதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் ஆராய்ச்சியில் இருக்கும் சுகம் நகலெடுப்பதில் இல்லை. இந்தக் கட்டுரையே அதற்குச் சான்று.

கேபிள் மாற்றிப் பிழைத்த டிஸ்க்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 197இல் எண் ஏறியிறங்கிப் பிழைத்ததில் சினிமா போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பம் கூடாது.