கோலிக்கு வழி விடுங்கள்!

(இந்த வாரம் பழவேற்காடு வாசகர்களின் கேள்விகள்)

கேள்வி: அஞ்சு வயசுப் பேரன், சாய்ந்த பலகையில் கோலி விட்டு ஆடும் பின்பால் விளையாட்டு செய்து தரச் சொல்கிறான். வீட்டில் இருப்பது கிழிந்த வலையும் உடைந்த பலகையும்தான். என்ன செய்ய?
– ஒரு தாத்தா, கோட்டைக்குப்பம்

பதில்: அவ்வளவும் வைத்துக்கொண்டா கவலைப்படுகிறீர்கள்? பலகைதான் மேடை. பழைய வலையின் மிதவையை எடுத்து, கயிறு போகும் ஓட்டையில் ஆணி அடியுங்கள். கோலி மோதினால் சுழலும். சைக்கிள் ட்யூபை வெட்டி ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டினால் கோலி துள்ளித் திரும்பும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தே 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு விருது கிடக்கிறது, தேடிப் பாருங்கள்.

கேள்வி: பலகையை எவ்வளவு சாய்க்கணும்? பழைய எஞ்சின் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது, போடலாமா?
– படகு மெக்கானிக், லைட்ஹவுஸ் குப்பம்

பதில்: நிஜ இயந்திரத்தில் சாய்வு சுமார் ஆறரை டிகிரி. உங்கள் பலகை 60 செ.மீ. நீளம் என்றால் தலைப்பக்கம் 7 செ.மீ. தூக்கினால் சரி, படுக்க வைத்த ஒரு செங்கல் போதும். சாய்வு கூடினால் கோலி ஓடிவிடும், குறைந்தால் நடுவழியில் குந்திவிடும். எஞ்சின் ஸ்பிரிங் வேண்டாம். ஏவுகிற வேலைக்குத்தான் எதிரிலேயே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறதே! ட்யூப் ரப்பரும் ஒரு குச்சியும் போதும்.

கேள்வி: இந்தப் பின்பாலும் டச்சுக்காரர்கள் கொண்டுவந்ததுதானா?
– கல்லூரி மாணவி, பழவேற்காடு

பதில்: உங்கள் ஊரில் எதைத் தோண்டினாலும் டச்சுக்காரன் வருவான், இதில் மட்டும் வரமாட்டான். கெல்ட்ரியா கோட்டையை அவர்கள் அங்கே கட்டியது 1613-இல். வந்தது துணி வாங்க. பின்பாலின் பாட்டியான பாகடெல், பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கிய ஆட்டம். இழுத்துவிடும் ஸ்பிரிங்குக்கு 1871-இல் அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் காப்புரிமை பெற்றார். கோலியைத் தட்டிவிடும் 'ஃபிளிப்பர்' கைகள் 1947-இல் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தோடு வந்தன.

கேள்வி: "பிள்ளைக்குச் சூதாட்டம் கற்றுக்கொடுக்கிறாயா?" என்று மாமியார் திட்டுகிறார்.
– ஒரு மருமகள், ஆண்டிக்குப்பம்

பதில்: உங்கள் மாமியார் நியூயார்க் மேயராக இருந்திருக்க வேண்டியவர். 1942-இல் லகார்டியா என்ற மேயர் இதே காரணத்தைச் சொல்லிப் பின்பாலைத் தடைசெய்து, இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார். 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர், பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அடித்துக் காட்டினார். தடை போயிற்று. நீங்களும் இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை ஃபிளிப்பராகப் பொருத்தி, மாமியாரிடமே முதல் ஆட்டத்தைக் கொடுங்கள். நூறு புள்ளி எடுத்துவிட்டால் 'திறமை' என்று அவரே தீர்ப்புச் சொல்வார்.

கேள்வி: கோலி இல்லை. வலையில் கட்டும் ஈயக் குண்டைப் போடலாமா?
– ஒரு அம்மா, ஜமீலாபாத்

பதில்: இதற்கு மட்டும் சிரிப்பில்லாத பதில்: வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தொட்ட கை வாய்க்குப் போகாத குழந்தை உண்டா? கண்ணாடிக் கோலியும் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு ஆகாது, தொண்டையில் அடைக்கும். தம்பி பாப்பா வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கோலியை எண்ணி வையுங்கள்.

கேள்வி: கோலி விழுகிற ஓட்டைக்கு 'முகத்துவாரம்' என்று பெயர் வைத்து, அதை அடைக்கச் சொல்கிறாள் மகள். அடைக்கலாமா?
– ஒரு மீனவர், கூனங்குப்பம்

பதில்: ஏரியில் முகத்துவாரம் மண்மூடினால் பிழைப்பு போச்சு, பலகையில் திறந்திருந்தால் ஆட்டம் போச்சு. உலகத்திலேயே முகத்துவாரத்தை அடைக்கச் சொன்ன முதல் பழவேற்காட்டுக்காரி உங்கள் மகள்தான்! ஆனால் கோலி விழாத ஆட்டத்தில் அடுத்தவளுக்கு எப்போது முறை வரும் என்று கேளுங்கள். அவளே திறந்துவிடுவாள்.

கேள்வி: பலகை ஒன்று, பிள்ளைகள் மூன்று. தினமும் சண்டை.
– ஒரு பெரியம்மா, நடுவூர் மாதாகுப்பம்

பதில்: உங்கள் ஊருக்கு வந்து நான் பாடம் கேட்க வேண்டிய விஷயத்தை என்னிடம் கேட்கிறீர்களே! இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறை வைத்து ஏரியையே பங்கிடும் 'பாடு' உங்களுடையது. பிள்ளைகளுக்கும் ஒரு பாடு போடுங்கள். சீட்டுக் குலுக்குவது மட்டும் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும்.

கேள்வி: செல்போனில் இதே ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் மெனக்கெடணும்?
– ஒரு அப்பா, பழவேற்காடு

பதில்: கிடைக்கும். முன்பு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரிலேயே 'ஸ்பேஸ் கேடட்' இருந்தது; ஆபீஸ் நேரத்தில் ஆடாதவர் குறைவு. ஆனால் அதில் எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் பலகையில் ஓர் ஆணி பிடிக்காவிட்டால் பிள்ளை பிடுங்கி வேறிடத்தில் அடிக்கச் சொல்வான். கோலி ஏன் இப்போது இந்தப் பக்கம் போகிறது என்று யோசிப்பான். அந்த யோசனைதான் ஆட்டம், புள்ளியெல்லாம் கொசுறு.

கேள்வி: பேரன் தோற்கும்போதெல்லாம் விதியை மாற்றுகிறான். எப்படித் திருத்துவது?
– மறுபடியும் அதே தாத்தா, கோட்டைக்குப்பம்

பதில்: திருத்தாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். பலகையின் ஓரத்தில் அவன் கையாலேயே எழுதி ஒட்டியதுதான் சட்டம் என்று அறிவியுங்கள். மறுநாள் "தாத்தாவுக்குப் பாதிப் புள்ளி" என்று ஒட்டியிருப்பான். 'த்' விட்டுப்போயிருந்தால் அதை மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.