ஒரு மார்க் கேள்விகள்

உலகக் கோப்பை வந்துவிட்டால் நம் பத்திரிகைகளின் ஓரமெல்லாம் துணுக்கு முளைத்துவிடும். ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தலைப்பு, அடியில் இரண்டு வரி. டீ ஆறுவதற்குள் அறிவு வளர்ந்துவிடும். இந்தத் தொண்டில் என் பங்குக்கு மூன்று ஒரு மார்க் கேள்விகள். மூன்றும் ஒரே கோப்பையிலிருந்து: 1974, மேற்கு ஜெர்மனி. விடையும் நானே தருகிறேன், நீங்கள் சிரித்தால் போதும்.

கேள்வி 1: எதிரணியே இல்லாமல் கோல் போட்ட அணி எது?

சிலி. 1973 நவம்பர் 21, சாண்டியாகோ தேசிய மைதானம். கோப்பைக்குத் தகுதிபெற சோவியத் யூனியனோடு இரண்டாவது ஆட்டம். சோவியத் அணி வரவில்லை. ஆனாலும் விசில் ஊதினார்கள். சிலி வீரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு போக, கேப்டன் பிரான்சிஸ்கோ வால்டெஸ் ஆளில்லாத வலைக்குள் அதைத் தள்ளினார். சிலி தகுதிபெற்றது. வேடிக்கைதானே?

சோவியத் ஏன் வரவில்லை என்பது துணுக்கில் இடம் போதாமல் விட்ட பகுதி. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று சிலியில் தளபதி பினோசேயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த மைதானம் சிறையானது. ஆயிரக்கணக்கானோரை அங்கே அடைத்து வதைத்தார்கள், சிலரைக் கொன்றார்கள். விவகாரம் பெரிதானதும் ஃபிஃபா அக்டோபரில் இரண்டு பெரிய மனிதர்களை நேரில் அனுப்பியது. அவர்கள் வந்தபோது கைதிகளைத் துப்பாக்கி முனையில் காலரிக்கு அடியில் ஒடுக்கிவைத்திருந்தது ராணுவம். வந்தவர்கள் புல்லைப் பார்த்தார்கள். புல் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு மைதானம் கொள்ளும் மனிதர்களைப் புல்லில் மறைத்தவர்கள். தன் வீட்டிலேயே முகாம்கள் வைத்திருந்த சோவியத்துக்குக்கூடக் கண்ணை உறுத்திய ரத்தம், ஃபிஃபாவின் மூக்குக் கண்ணாடியில் ஒரு பொட்டும் தெறிக்கவில்லை.

கேள்வி 2: உலகக் கோப்பையில் முதன்முதலாகச் சிவப்பு அட்டை வாங்கியவர் யார்?

வினாடிவினாக்காரர்களின் செல்லக் கேள்வி இது. சிலியின் கார்லோஸ் காஸெலி. ஜூன் 14, மேற்கு பெர்லின். பெர்டி ஃபோக்ட்ஸ் மேல் செய்த ஃபவுலுக்காக. முழு மார்க், பரிசாக எவர்சில்வர் டம்ளர்.

டம்ளரோடு இதையும் எடுத்துப்போங்கள். அணி புறப்படும்முன் பினோசே கைகொடுக்க வந்தார். காஸெலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா ஓல்கா கர்ரிடோவைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்த ஆட்சி அது. 1988இல் பினோசே நீடிக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, அந்த அம்மா தொலைக்காட்சியில் தனக்கு நடந்ததைச் சொன்னார். அடுத்து மகன் தோன்றி, இவர் என் அம்மா என்றார். பினோசே தோற்றார். ஒரு ஃபவுலுக்குச் சட்டென்று சிவப்பு அட்டையை உருவிய அந்த உலகத்தில், ஆட்ட மைதானத்தையே வதைக்கூடமாக்கியவனுக்கு நீட்ட மஞ்சள் அட்டைகூட யார் சட்டைப்பையிலும் இல்லை.

கேள்வி 3: எதிரணியின் ஃப்ரீ கிக்கைத் தானே ஓடிவந்து உதைத்த கோமாளி யார்?

ஜைர் நாட்டின் முவெப்பு இலுங்கா, பிரேசிலுக்கு எதிராக. ஆப்பிரிக்கர்களுக்கு விதி தெரியாது என்று உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது. இன்றும் சிரிக்கிறது, இப்போது செல்பேசியில். சஹாராவுக்குத் தெற்கேயிருந்து உலகக் கோப்பைக்கு வந்த முதல் அணி அது. வீரர்களுக்குப் பேசிய பணம் கைக்கு வரவில்லை. மனம் விட்டுப்போய் யூகோஸ்லாவியாவிடம் 0-9 என்று தோற்றார்கள். பிரேசிலிடம் மூன்று கோலுக்கு மேல் வாங்கினால் ஊர் திரும்ப முடியாது என்று சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்கள் மிரட்டினார்கள். பின்னாளில் இலுங்காவே சொன்னது. ஆட்டம் 0-3இல் முடிந்தது. உயிருக்குப் பயந்தவன் பந்தை உதைத்தான், நாம் அதற்கு நகைச்சுவை என்று பெயர் வைத்தோம்.

இத்தனைக்கும் பிறகு அடுத்த கோப்பையாவது நல்ல இடத்தில் நடந்ததா? 1978இல் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் நடந்தது. இறுதியாட்ட மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கடற்படைப் பள்ளி. உள்ளே வதைபட்டவர்களின் காதுக்கு வெளியே எழுந்த ‘கோல்’ கூச்சல் எட்டியது. உள்ளிருந்து எழுந்த கூச்சல்தான் எந்த வர்ணனையிலும் வரவில்லை. ‘போட்டியை நடத்திய நாடே வென்றது’ என்று அதற்கும் ஒரு துணுக்கு உண்டு.

டம்ளர் வாங்கியவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு கேள்வி பாக்கி: டிக்கெட் முழுதும் விற்றுத் தீர்ந்தாலும் காலியாகவே இருக்கும் இருக்கைகள் எங்கே உள்ளன?

சாண்டியாகோ தேசிய மைதானத்தில், எட்டாவது வாசலருகே. கைதிகள் உட்கார்ந்திருந்த காலத்து மரப் பெஞ்சுகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இதற்கு மார்க் கிடையாது.